தெரியாது என்று எழுதிய நாற்காலிக்காரர்

நாடு நிலையற்ற காலத்தில் இருக்கிறது என்பதை முதலில் கண்டுபிடித்தவர்கள் பொருளாதார நிபுணர்கள்தான். அதற்கு முன்பு நாங்களெல்லாம் அதைக் கஷ்டகாலம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

நிபுணர்கள் நாற்பது பேர் குளிரூட்டிய மண்டபத்தில் மூன்று நாள் உட்கார்ந்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். முதலீட்டாளர்கள் நஷ்டத்துக்குப் பயப்படுவதில்லை. நஷ்டம் வருமா வராதா என்று தெரியாமல் இருக்கிறதே, அதற்குத்தான் பயப்படுகிறார்கள். ஆகவே நஷ்டத்தைத் தடுக்க வேண்டிய அவசியமில்லை. அதை முன்கூட்டியே நடத்திக் கொடுத்துவிட்டால் போதும். இதற்காக நிச்சயத்துறை தொடங்கப்பட்டது. ஏழு மாடிக் கட்டடம், நானூறு ஊழியர், ஒரு தலைவர். சுத்தியல் மட்டும் கிடையாது. சிக்கன நடவடிக்கை காரணமாக அதை அந்தந்தக் குடிமக்களே கொடுத்துதவ வேண்டும் என்று சட்டத்தின் பதினோராம் பிரிவு சொல்கிறது.

துறை வீட்டுக்கு வீடு படிவம் அனுப்பும். அதில் ஒரே ஒரு கேள்வி. கீழே மூன்று கட்டங்கள்: ஆம், இல்லை, தெரியாது. மூன்றாவது கட்டத்தின் பக்கம் பேனாவைக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் தெருவில் பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். நாற்காலிக்காரருக்கு மட்டும் தெரியவில்லை.

அவர் நாற்காலி செய்கிறவர், உடைந்ததைப் பழுதுபார்க்கிறவர். அளக்காமல் எதையும் சொல்லமாட்டார். "இந்தக் கால் எவ்வளவு நீளம் இருக்கும்?" என்று கேட்டால், கண்ணெதிரே கிடக்கிற காலைப் பார்த்துக்கொண்டே, "டேப்பு வச்சுப் பாத்தாத்தான் சொல்ல முடியும்" என்பார். "இந்த ஆண்டு முடிவில் உங்கள் கடை நடந்துகொண்டிருக்குமா?" என்று படிவம் கேட்டது. வருகிற டிசம்பரின்மேல் டேப்பு வைக்க முடியாதல்லவா, மூன்றாவது கட்டத்தில் அழகாக ஒரு குறி போட்டார். போதாததற்கு ஓரத்தில், "மரம் கிடைப்பதைப் பொறுத்து" என்று ஒரு குறிப்பும் எழுதி அனுப்பினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்த கதைதான்.

வீட்டில் மூன்று பேர். அவர், அவர் மனைவி, உள்ளறையில் படுத்த படுக்கையாக அவருடைய அண்ணன். தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்க்கிற அவசரத்தில் கல்யாணம் செய்துகொள்ளவே மறந்துபோன அண்ணன். இப்போது நெஞ்சு பலவீனம். டாக்டர் கையை விரிக்கவும் இல்லை, நம்பிக்கை கொடுக்கவும் இல்லை. "ஒரு வாரமும் இருக்கலாம், ஒரு வருஷமும் இருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அண்ணனை எப்படியாவது வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்பதைத் தவிர நாற்காலிக்காரருக்கு வேறு நினைப்பு கிடையாது. நாட்டின் வளர்ச்சி விகிதம்கூட அவருக்கு இரண்டாம்பட்சம்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் நிச்சய அலுவலர் வந்தார். சட்டைப்பையில் மூன்று பேனா, கக்கத்தில் கோப்பு. கூடவே தடித்த ஆட்கள் இரண்டு பேர். அவர்களுடைய பதவியின் பெயர் உறுதிப்படுத்துநர்.

"கடை நடக்குமான்னு கேட்டதுக்குத் தெரியாதுன்னு போட்டிருக்கீங்க" என்றார் அலுவலர்.

"ஆமாங்க. தெரியாதுங்க."

"அதைத் தெரியப்படுத்தத்தான் வந்திருக்கோம். சுத்தியல் இருக்கா?"

"இருக்குங்க. எந்த அளவுல வேணும்?"

"பெருசாவே குடுங்க."

ஏதோ ஆணியடித்துப் பலகை மாட்டப்போகிறார்கள் என்று நினைத்து, கைப்பிடியைத் துணியால் துடைத்துவிட்டே கொடுத்தார் மனுஷர். முதல் அடி முன்பக்கக் கண்ணாடிக்கு. அடுத்து, விற்பனைக்கு வைத்திருந்த பதினோரு நாற்காலிகள். அவர் ஆணி போடுகிற ஆள் இல்லை. துளையிட்டு, முளை செருகி, பசை வைத்து இறுக்கியவை. அவ்வளவு சுலபத்தில் பெயரவில்லை. சாய்மானத்திலும் இருக்கையிலும் மாறி மாறி அடித்து இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. தப்பும் தவறுமாக ஒரு வேலை நடப்பதை நாற்காலிக்காரரால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அங்க இல்லீங்க. பொருத்துல அடிங்க. ஒரே அடியில வந்துரும்" என்றார்.

பொருத்தில் அடித்தார்கள். ஒரே அடியில் வந்துவிட்டது. அதன் பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மரத்தூளில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

அலுவலருக்கு இளகிய மனசு. பக்கத்தில் குனிந்து ஆறுதல் சொன்னார்.

"நேத்து வரைக்கும் கடை நிக்குமா போகுமான்னு ராத்திரி தூக்கமில்லாம கிடந்திருப்பீங்க. இனிமே அந்தக் கவலையே இல்ல பாருங்க. எங்க துறை வாங்குறது வெறும் கவலையைத்தான். இங்க ஒரு கையெழுத்து."

'செவ்வனே உடைக்கப்பட்டது' என்று அச்சிட்டிருந்த இடத்தில் நாற்காலிக்காரர் கையெழுத்துப் போட்டார்.

பக்கத்துக் கடை மருந்துக்கடைக்காரர் விவரமானவர். 'ஆம்' கட்டத்தில் குறி போட்டவர். கடை நடக்கும் என்று அரசாங்கத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டதால், அது நடக்கிறதா என்று வாரா வாரம் வந்து பார்த்தார்கள். ஒருநாள் காய்ச்சல் என்று அரைமணி நேரம் கதவைச் சாத்தினார். முழங்காலைப் பெயர்த்துவிட்டார்கள். அன்றிலிருந்து கடை ஒருநாள்கூட மூடுவதில்லை. உள்ளே மருந்து இல்லை, வாங்க ஆள் இல்லை, அவரால் எழுந்து நிற்கவும் முடியாது. ஆனால் கடை நடக்கிறது.

இரண்டாவது படிவம் பத்து நாளில் வந்தது. "இந்த ஆண்டு முழுவதும் உங்கள் கை உழைக்கும் நிலையில் இருக்குமா?" நாற்காலிக்காரர் வழக்கம்போலத் தலையைச் சொறிய, மனைவி படிவத்தைப் பிடுங்கினாள்.

"நீங்க யோசிச்சது போதும். 'ஆம்' போடுறேன்."

'ஆம்' என்றால் தாங்குதிறன் சோதனை உண்டு. வங்கிகளுக்கு அந்தச் சோதனையைக் காகிதத்தில் செய்வார்கள். மனிதர்களுக்குக் காகிதம் வீணாக்குவதில்லை. இடது கையைப் பட்டறைப் பலகையின்மேல் வைக்கச் சொல்லி, அவருடைய சுத்தியலாலேயே இரண்டு அடி. சுண்டுவிரலும் மோதிரவிரலும் நொறுங்கின. அவர் கத்திய கத்தல் தெருக்கோடிவரை கேட்டது. நாங்கள் எல்லோரும் ஜன்னலைச் சாத்திக்கொண்டோம். சாத்தினோம் என்று எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் சாத்தினோம்.

அலுவலர் மீதி விரல்களை எண்ணிப் பார்த்துக் குறித்துக்கொண்டார்.

"பத்துக்கு எட்டு. எண்பது சதவீதம். எந்த வங்கியும் இவ்வளவு எடுத்ததில்ல சார். பெருமைப்படுங்க."

மூன்றாவது படிவம் வந்த அன்று கட்டுப்போட்ட கையோடு அவர் முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மனைவிதான் உரக்கப் படித்தாள். "உங்கள் வீட்டிலுள்ள நோயாளி இந்த ஆண்டு முடியும்வரை உயிரோடு இருப்பாரா?" கட்டங்கள் அதே மூன்று. படித்து முடித்ததும் அவள் குரல் இறங்கிவிட்டது.

"தெரியாதுன்னு போட்டா?" என்று கேட்டாள்.

"அன்னிக்கே தெரியப்படுத்திடுவாங்க."

"இல்லைன்னு போட்டா?"

"தேதி கேப்பாங்க. அந்தத் தேதிக்கு வருவாங்க."

"ஆம் போட்டா சோதனை" என்றாள் அவள். "உங்க அண்ணன் நெஞ்சுக்கு ஒரு தும்மல் தாங்காது."

எந்தப் பக்கம் திரும்பினாலும் சுத்தியல். மறுநாளே அவர் மேல்முறையீட்டு மனுவோடு தலைமையகத்துக்குப் போனார்.

மூன்றாம் மாடி மண்டபத்தில் பத்திரிகையாளர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. அது முடிந்ததும் தலைவர் மனு வாங்குவார் என்று சொல்லி ஒரு குமாஸ்தா அவரைக் கடைசி வரிசையில் உட்காரவைத்தார். மேடைக்குப் பின்னால் சுவர் அகலத்துக்கு ஒரு திரை. அதில் பங்குச்சந்தைப் புள்ளிகள் பச்சையும் சிவப்புமாக ஓடிக்கொண்டிருந்தன. தலைவர் நல்ல நிறம், நல்ல குரல், பத்து விரல்.

"நஷ்டம் அதிகமாகிவிட்டது என்று சிலர் குறை சொல்கிறார்கள்" என்றார் தலைவர். "ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எதிர்பாராத நஷ்டம் என்று ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். போன காலாண்டில் நாலாயிரம் கடைகள் உடைந்தன. நாலாயிரமும் திட்டமிட்டபடி, குறித்த நேரத்தில் உடைந்தன. வேறு எந்தத் துறை இப்படி வேலை செய்கிறது? இந்த நேரத்தில் வலியை எல்லோரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்று மக்களைக் கேட்டுக்கொள்கிறேன். பகிர்ந்துகொள்வது மக்களின் கடமை. பகிர்ந்து கொடுப்பது எங்கள் கடமை. அவரவர் கடமையை அவரவர் செய்வோம்."

கைதட்டல் ஓய்ந்ததும் முன்வரிசையில் ஒரு நிருபர் எழுந்தார்.

"அடுத்த மாசம் வட்டி ஏறுமா சார்?"

தலைவர் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். "பார்க்கலாம்" என்றார்.

சுவரில் ஓடிய புள்ளிகள் எல்லாம் சிவப்பாயின. மேடையின் இரு பக்கமும் நின்ற உறுதிப்படுத்துநர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். துணைத்தலைவர் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்து, மெல்லத் தலையை ஆட்டினார்.

"இருங்கப்பா. ஏறும். இல்ல, ஏறாது. நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று தலைவர் எழுந்தார். ஒவ்வொரு வார்த்தைக்கும் சந்தை ஒரு படி இறங்கியது.

அவர் சுத்தியல் கொண்டுவந்திருக்கவில்லை. ஆகவே ஒலிவாங்கியின் இரும்புத் தாங்கியைக் கழற்றி அடித்தார்கள். ஒலிவாங்கியை அணைக்க யாருக்கும் தோன்றவில்லை. மண்டை உடைகிற சத்தம் நாடு முழுவதும் துல்லியமாக ஒலிபரப்பானது. நாலாவது அடியில் சந்தை நிமிர்ந்தது. ஆறாவது அடியில் பச்சைக்கு வந்தது. துணைத்தலைவர் கன்னத்தில் தெறித்ததைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டு, தலைவர் பதவி இப்போது ஐயத்துக்கிடமின்றிக் காலியாக இருக்கிறது என்று அறிவித்தார்.

நாற்காலிக்காரர் குமாஸ்தாவிடம் மனுவை நீட்டினார்.

"இன்னிக்கு மேல்முறையீடு கிடையாது" என்றார் குமாஸ்தா. "கேக்கறதுக்குத் தலைவர் இல்ல பாருங்க. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு உங்க வீட்டுக்கு ஆள் வருது. குறி போட்டு வச்சிருங்க."

சாயங்காலம் அண்ணனின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் பேனாவைத் திறந்தார்.

"என்னடா கேக்கறாங்க?" என்றார் அண்ணன்.

"நீ இருப்பியான்னு கேக்கறாங்க."

"நீ என்ன சொல்லப்போற?"

"நீ இருப்பேன்னு."

"அளக்காம எதையும் சொல்லமாட்டியே."

"இதுக்கு டேப்பு வேண்டாம்ண்ணே."

அண்ணன் சிரித்தார். சிரித்ததில் இருமல் வந்தது. தம்பி 'ஆம்' கட்டத்தில் குறி போட்டார். என்னை அடித்துக்கொள்ளுங்கள், அவரை விட்டுவிடுங்கள் என்று காலில் விழுந்தாவது சோதனையைத் தன் பக்கம் திருப்பிவிடலாம் என்று ஒரு நப்பாசை. இன்னும் எட்டு விரல் பாக்கி இருந்தது.

காலையில் தேநீர் எடுத்துக்கொண்டு மனைவி உள்ளே போனாள். போனவள் திரும்பிவர நேரமாயிற்று. அவர் போய்ப் பார்த்தபோது அண்ணன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். உடம்பு ஜில்லிட்டிருந்தது.

அவர் வாயைத் திறப்பதற்குள் அவள் தன் கையால் பொத்தினாள்.

"அழாதீங்க. எனக்கும் வயிறு எரியுது. இருப்பார்னு எழுதிக் குடுத்திருக்கோம். நிச்சயம்னு குடுத்தது பொய்னு தெரிஞ்சா நம்ம ரெண்டு பேரையும் இங்கயே முடிச்சுடுவாங்க. அப்புறம் அவரை எடுத்துப் புதைக்கக்கூட ஆள் இருக்காது. ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் தாங்கிக்குங்க."

இருவரும் அண்ணனைத் தூக்கி, வீட்டில் மிச்சமிருந்த ஒரே நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவள் முகம் துடைத்து, தலை வாரி, சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டாள். பத்து மணிக்கு அலுவலர் வந்தார். நேரம் தவறுகிற துறை இல்லை அது.

"ஐயா, என்னை அடிச்சுக்குங்க. எங்க அண்ணனுக்குப் பதிலா நான்" என்று நாற்காலிக்காரர் காலில் விழுந்தார். செத்துப்போன அண்ணனுக்காக எதற்கு விழுந்தார் என்று கேட்காதீர்கள். அண்ணன்மேல் அடி விழக் கூடாது, அவ்வளவுதான்.

"பினாமி சோதனைக்கு விதியில இடமில்ல சார்" என்று அலுவலர் அவரை அன்போடு தூக்கி ஓரமாக நிறுத்தினார்.

முதல் அடி முழங்காலில். எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. அண்ணன் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது அடி தோள்பட்டையில். மூன்றாவது நெஞ்சில். நாற்காலிக்காரர் தன் கைக்கட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றார்; கட்டுத்துணியில் ரத்தம் ஊறியது. உறுதிப்படுத்துநர்கள் சுத்தியலைக் கீழே வைத்துவிட்டு அலுவலரைப் பார்த்தார்கள். அலுவலர் கண் கலங்கியிருந்தார்.

"இருபது வருஷ அரசாங்க சர்வீஸ்ல இப்படி ஒரு குடிமகனை நான் பாத்ததில்ல" என்றார். "முனகல் இல்ல. நாடித்துடிப்புல ஏற்ற இறக்கமே இல்ல. எதிர்பார்ப்பு இல்ல, கோரிக்கை இல்ல, புகார் இல்ல. நாங்க ஒவ்வொருத்தரையும் கொண்டுவர நினைக்கிற நிலை இதுதான் சார். இவர் வீட்டுல இருக்க வேண்டிய ஆளே இல்ல."

வண்டி வந்தது. அண்ணனை நாற்காலியோடு தூக்கி ஏற்றிக்கொண்டு போனார்கள். வண்டி தெருமுனை திரும்பியபிறகாவது அழலாம் என்று இருவரும் காத்திருந்தார்கள். துறையின் ஆள் ஒருவன் எதிர்த் திண்ணையில் உட்கார்ந்து வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். அழவில்லை.

மூன்றாம் நாள் செய்தித்தாளில் படம் வந்தது. நிச்சயத்துறையின் புதிய தலைவர் என்று போட்டு, நாற்காலியில் அண்ணன். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். நிருபர்கள் ஒரு மணி நேரம் கேள்வி கேட்டும் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை என்று எழுதியிருந்தது. சந்தைக்கு ஒரே கொண்டாட்டம். வாயைத் திறந்து குட்டையைக் குழப்பாத ஒரு தலைவர் கடைசியில் கிடைத்தார் என்று தலையங்கம் எழுதினார்கள். கூட்ட அறையில் வாசனைத் திரவியம் அதிகமாகத் தெளித்திருந்ததாக ஒரே ஒரு பத்திரிகை மட்டும் சின்னதாகக் குறிப்பிட்டிருந்தது. அந்தப் பத்திரிகை மறுநாள் வரவில்லை.

பத்தாம் நாள் அலுவலர் மறுபடி வந்தார். பின்னாலேயே அந்த இரண்டு பேர். கையில் படிவம் இல்லை, உத்தரவு இருந்தது.

"தலைவர் இறந்துட்டார்னு தெரிஞ்சவங்க வெளியில ரெண்டே பேர்" என்றார். "நீங்க, உங்க வீட்டுக்காரம்மா."

நாற்காலிக்காரர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "உங்களுக்குத் தெரியுமா?"

"ரெண்டாவது அடியிலயே தெரியும். தலைவர் உயிரோட இருக்கணும்னு விதியில எங்கயும் இல்ல சார், தேடிப் பாத்தாச்சு. ஆனா நீங்க வெளிய சொல்வீங்களா மாட்டீங்களாங்கறது நிச்சயமில்லாம இருக்கு. அதை வச்சுக்கிட்டு நாடு தூங்க முடியாது. ரெண்டு பேர் நாக்கும் எடுக்கணும்னு உத்தரவு. பாருங்க, தலைவரே ஒப்புதல் குடுத்திருக்கார்."

நாற்காலிக்காரர் காகிதத்தை வாங்கிப் பார்த்தார். அடியில் நீல மையில் ஒரு பெருவிரல் ரேகை. ரேகையின் குறுக்கே சாய்வாக ஒரு கோடு. அண்ணன் விரல்தான். உளி வெட்டிய தழும்பு அது. பத்து வயதில் இவர் ஓடிவந்து பலகையை இடித்ததால் பட்ட வெட்டு. ரத்தம் சொட்டச் சொட்ட, ஒண்ணுமில்லடா, நீ போய் விளையாடு என்று சொல்லியிருந்தார் அண்ணன்.

அவர் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார்.

"மை வச்சீங்களே, அப்புறம் விரலைத் துடைச்சுவிட்டீங்களா?" என்று கேட்டார். "கையில கறை இருந்தா அவருக்குப் பிடிக்காது."

அலுவலர் கோப்பைப் புரட்டினார். அப்படி ஒரு குறிப்பும் இல்லை.

அப்போதுதான் உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பத்து நாளாக அடக்கிவைத்ததை அவள் மொத்தமாகத் திறந்துவிட்டாள். வாசலுக்கு ஓடிவந்து, மார்பில் அறைந்துகொண்டு, அண்ணன் செத்ததை, செத்தவரை அடித்ததை, செத்தவரைக் கொண்டுபோய்த் தலைவராக்கியதை ஒன்றுவிடாமல் தெருவைப் பார்த்து ஒப்பாரி வைத்தாள்.

"அம்மா, நிறுத்துங்க. சந்தை திறந்திருக்கிற நேரம்" என்று அலுவலர் கெஞ்சினார்.

உறுதிப்படுத்துநர்களில் ஒருவன் சுத்தியலை ஓங்கிக்கொண்டு அவளை நோக்கிப் போனான். நாற்காலிக்காரர் குறுக்கே விழுந்தார். முதல் அடி அவர் தோளில் இறங்கியது. அவள் நிறுத்தவில்லை. இரண்டாவது அடிக்கு அவரும் வாய்விட்டு அழ ஆரம்பித்தார். வலிக்காக அல்ல, "அண்ணே, அண்ணே" என்றுதான். மருந்துக்கடைக்காரர் முழங்காலை இழுத்துக்கொண்டு நடு வீதிக்குத் தவழ்ந்து வந்தார். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. என்னுடையதும் திறந்தது. அடிகளை நான் எண்ணினேன். ஒன்பது. அதற்குப் பிறகு அழுகைச் சத்தம் தெருவிலிருந்துதான் வந்தது. எங்களில் யார் முதலில் ஆரம்பித்தோம் என்று எனக்குத் தெரியாது.

அன்று மாலை சந்தை மூடியபோது, வரலாற்றிலேயே இல்லாத அளவுக்குச் சரிந்திருந்தது. நிபுணர்கள் நாற்பது பேரும் தொலைக்காட்சியில் வரிசையாக உட்கார்ந்து விவாதித்தார்கள். சரிவுக்கு என்ன காரணம் என்று கேட்டதற்குத் தெரியாது என்று நாற்பது பேரும் சொன்னார்கள். அவர்களுடைய முகவரி துறையில் இருக்கிறது.